சைட் நிக்காம ஹோஸ்டிங் மாத்துறது பெரிய விஷயமில்ல, ஆர்டர் காணாம போறதுதான் பெரிய விஷயம்

அண்ணே, உங்க கேள்வியை ஒரு தடவை சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. நாச்சியார்கோவில்ல குத்துவிளக்கு, பித்தளை சாமான் கடை. வேர்ட்பிரஸ்ல ஊகாமர்ஸ்ங்கிற கடை ப்ளகின் போட்டு ஆன்லைன்லயும் விக்கிறீங்க. ஹோஸ்டிங், அதான் சைட் ஓடுற சர்வரோட வாடகை, முதல் வருஷம் சலுகை விலைக்கு குடுத்துட்டு இப்ப ரினியூவலுக்கு மூணு மடங்கு கேக்குறாங்க, ஐப்பசில கெடு, அடுத்து கார்த்திகை தீபத்துக்கு ஆர்டர் குவியும். அதுக்குள்ள வேற கம்பெனிக்கு மாறணும், சைட் ஒரு நிமிஷம் கூட நிக்கக்கூடாது, கடை மெயில் ஐடியும் அதே ஹோஸ்டிங்லதான் இருக்கு. இதானே?

முடியும். சைட் நிக்காம இருக்கணும்னா செய்ய வேண்டியது ஒன்னே ஒன்னுதான், புது சர்வர்ல சைட் முழுசா ஓட ஆரம்பிச்ச பிறகும் பழசை கொஞ்ச நாள் அப்படியே ஓட விடணும். ரெண்டுக்கும் ஒரு மாசம் சேர்த்து காசு குடுக்க மனசு வரணும், அவ்ளோதான். ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுதுல்ல, அங்கதான் வேற ஒரு வம்பு வருது. ஒரு கஸ்டமர் பழைய சர்வர்ல ஆர்டர் போடுவார், இன்னொருத்தர் புதுசுல போடுவார், ரெண்டு டேட்டாபேஸ்லயும் ஆளுக்கு பாதி கணக்கு. சைட் ரெண்டு நிமிஷம் நின்னா கஸ்டமர் திரும்ப வருவார். பணம் கட்டி ஆர்டர் காணாம போச்சுன்னா வரமாட்டார், வந்தாலும் சண்டைக்குதான் வருவார். அதுனால கீழ சொல்றதுல பாதிக்கு மேல ஆர்டரையும் மெயிலையும் காப்பாத்துறதுக்குதான்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி டொமைன், அதாவது உங்க சைட் பேர், யார் கைல இருக்குன்னு பாருங்க. நம்ம பக்கம் இது பெரிய தலைவலி. கும்பகோணத்துலயோ தஞ்சாவூர்லயோ ஒரு பையன் வெப்சைட் போட்டு குடுத்திருப்பான், டொமைனை அவன் மெயில் ஐடிலயே வாங்கியிருப்பான், இப்ப சென்னைலயோ சிங்கப்பூர்லயோ வேலைல இருப்பான், ஓடிபி அவன் போனுக்கு போகும். லாகின் உங்ககிட்ட இல்லாம ஹோஸ்டிங்கை மாத்துறேன்னு இறங்காதீங்க. ஹோஸ்டிங்கோட ஃப்ரீயா குடுத்த டொமைனா இருந்தா, வெளிய எடுத்துட்டு போக என்ன கண்டிஷன்னும் படிச்சுக்கங்க. இன்னொன்னு, ஹோஸ்டிங்கை மாத்த டொமைனை ட்ரான்ஸ்ஃபர் பண்ணணும்னு அவசியமே இல்ல, ரெண்டும் வேற வேற. டொமைன் பழைய இடத்துலயே இருக்கட்டும், அதோட ரெக்கார்டு மட்டும் புது சர்வரை காட்டினா போதும். ரெண்டையும் ஒரே வாரத்துல செய்யிறவங்கதான் மாட்டிக்கிறாங்க, ஏன்னா சில கம்பெனில டொமைன் வெளிய போன உடனே அவங்க வச்சிருந்த டிஎன்எஸ் ரெக்கார்டு (எந்த பேர் எந்த சர்வருக்குன்னு சொல்ற குறிப்பு) மொத்தத்தையும் அழிச்சிடுவாங்க.

இப்ப டிஎன்எஸ் பத்தி. மேட்டூர்ல ஷட்டரை தூக்கினா தண்ணி கல்லணைக்கு வந்து, வெண்ணாறு பிரிஞ்சு, வேதாரண்யம் பக்கம் கடைமடைக்கு போய்ச்சேர நாளாகுற மாதிரி டிஎன்எஸ்ஸும் மெதுவா உலகம் பூரா பரவும், 48 மணி நேரம் பொறுங்கன்னு சப்போர்ட்ல சொல்லுவாங்க. உண்மைல எதுவும் எங்கயும் ஓடிப்போறதில்ல. ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு ரிசால்வர் இருக்கு, சைட் பேரை குடுத்தா அதோட ஐபியை (சர்வரோட நம்பர் அட்ரஸை) சொல்ற சர்வர், அது உங்க ஐபியை ஒரு தடவை கேட்டு வாங்கி இத்தனை செகண்டுக்கு வச்சிக்கும், அந்த செகண்டு கணக்குதான் டிடிஎல். ஹோஸ்டிங்கை நிர்வாகம் பண்ற சிபேனல்ல பெரும்பாலும் 14400னு இருக்கும், அதாவது நாலு மணி நேரம். அந்த நேரம் முடியிற வரைக்கும் பழைய ஐபியையே குடுக்கும், முடிஞ்சதும் மறுபடி கேக்கும். அப்ப நீங்க செய்ய வேண்டியது என்னன்னா, மாத்துறதுக்கு ஒரு நாள் முன்னாடியே டிடிஎல்லை 300க்கு இறக்கிடுங்க. இறக்கின உடனே பலன் இல்ல, பழைய நாலு மணி நேரம் கழியணும், அதுக்குதான் முந்தின நாளே. அப்புறம் ஐபியை மாத்தினா அஞ்சு நிமிஷத்துல பெரும்பாலான பேர் புதுசுக்கு வந்துடுவாங்க. 300ஐ மதிக்காம தன் இஷ்டத்துக்கு வச்சிருக்கிற ரிசால்வரும் சிலது உண்டு, அதுக்காகத்தான் பழைய சர்வர் ஓடட்டும்ங்கிறது.

அந்த 48 மணி நேரம் சும்மா சொல்றதும் இல்ல. டாட் காம் டொமைனுக்கு நேம்சர்வர் (ரெக்கார்டெல்லாம் வச்சு பதில் சொல்ற சர்வர்) யாருங்கிற தகவலுக்கு மேலேருந்து வர்ற டிடிஎல் 172800 செகண்ட், சரியா ரெண்டு நாள், அதை நம்மால குறைக்க முடியாது. புது ஹோஸ்டிங்ல "எங்க நேம்சர்வரை போடுங்க"ன்னு மெயில் அனுப்புவாங்கல்ல, அதை அப்படியே கேட்டீங்கன்னா ரெண்டு நாள் ரெண்டுங்கெட்டான் நிலமைதான். மாத்துற ராத்திரில நேம்சர்வரை தொடாதீங்க, ஐபியை சொல்ற ஏ ரெக்கார்டை மட்டும் மாத்துங்க.

என்னைக் கேட்டா, ரெண்டு வாரம் முன்னாடியே டிஎன்எஸ்ஸை க்ளவுட்ஃப்ளேர்ங்கிற கம்பெனியோட ஃப்ரீ ப்ளானுக்கு கொண்டு போயிடுங்க. அதுக்கு நேம்சர்வர் மாத்தணும்தான், ஆனா அந்த சமயம் பழைய இடத்துலயும் புது இடத்துலயும் ஒரே ரெக்கார்டு இருக்குறதால எந்த நேம்சர்வர்கிட்ட கேட்டாலும் பதில் ஒன்னுதான், யாருக்கும் எதுவும் தெரியாது. டொமைன்ல டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலி இல்லன்னு கையெழுத்து வச்சு காட்டுற வசதி) ஆன்ல இருந்தா மட்டும் முதல்ல அதை ஆஃப் பண்ணி ஒரு நாள் விட்டுட்டு நேம்சர்வரை மாத்துங்க, இல்லன்னா நிறைய பேருக்கு டொமைனே திறக்காது. க்ளவுட்ஃப்ளேர் உங்க ரெக்கார்டை தானா தேடி எடுக்கும், ஆனா டிகிம் (மெயில் உங்களோடதுதான்னு நிரூபிக்கிற ரெக்கார்டு), சப்டொமைன் மாதிரி சிலதை விட்டுடும், பழைய பேனலை பக்கத்துல வச்சிக்கிட்டு ஒவ்வொன்னா ஒப்பிட்டு பாருங்க. ரெக்கார்டு பக்கத்துல இருக்கிற மேகத்தை ஆரஞ்சு ஆக்கி, வர்றவங்களை க்ளவுட்ஃப்ளேர் வழியா விட்டாச்சுன்னா வெளிய தெரியிறது க்ளவுட்ஃப்ளேரோட ஐபி. உள்ள உங்க சர்வர் ஐபியை மாத்தினா சில நொடில எல்லாருக்கும் மாறிடும், டிடிஎல் கணக்கே வேண்டாம். மெயில் சம்பந்தப்பட்ட பேருக்கு மட்டும் மேகம் சாம்பல் கலர்லயே இருக்கணும், அது ஆரஞ்சு ஆனா அவுட்லுக்ல மெயில் வராது.

அடுத்து காப்பி எடுக்கிறது. ஃபைலை எல்லாம் வீட்டு லேப்டாப்புக்கு இறக்கி மறுபடி ஏத்துற வேலை வேண்டாம், விளக்கு படம் மட்டுமே பல ஜிபி இருக்கும், நடுவுல கரண்ட் போனா மறுபடி முதல்லேருந்து. ரெண்டு பக்கமும் எஸ்எஸ்எச் (சர்வர்ல நேரா கமாண்ட் அடிக்கிற வசதி) இருந்தா ஆர்சிங்க்ங்கிற காப்பி ப்ரோகிராம் போட்டு சர்வர்லேருந்து சர்வருக்கே அனுப்புங்க, முதல் தடவை நேரம் எடுக்கும், ரெண்டாவது தடவை மாறின ஃபைல் மட்டும் போகும், அந்த ரெண்டாவது தடவைதான் நமக்கு கடைசி ராத்திரில வேணும். எஸ்எஸ்எச் இல்லன்னா புது கம்பெனிக்காரங்களையே கேளுங்க, நிறைய பேர் இலவசமா எடுத்து வச்சு குடுக்கிறாங்க, சிபேனல்லேருந்து சிபேனலுக்குன்னா அவங்களுக்கு அது சின்ன வேலை.

டேட்டாபேஸ்ல ஒரு விஷயத்தை மட்டும் கண்ணை வச்சு பாருங்க. உங்க சரக்கு பேரெல்லாம் தமிழ்ல இருக்கு, "அன்ன விளக்கு", "பாவை விளக்கு"ன்னு. இம்போர்ட் பண்ணும்போது கேரக்டர் செட் (எழுத்தை சேமிக்கிற முறை) தப்பா போச்சுன்னா இதெல்லாம் வரிசையா கேள்விக்குறியா மாறிடும், இல்லன்னா தலைல கோடு போட்ட ஆங்கில எழுத்தா கிறுக்கினாப்ல வரும். வேர்ட்பிரஸ் 2015ல வந்த 4.2லேருந்து யுடிஎஃப்8எம்பி4க்கு மாறிடுச்சு, ஆனா அதுக்கு முன்னாடி போட்ட சைட்லயும், வேற யாரோ அவசரத்துல இம்போர்ட் பண்ண சைட்லயும் பழைய லத்தீன்1 டேபிள் ஒன்னு ரெண்டு ஒளிஞ்சிருக்கும். கிறுக்கல் மட்டும்னா பெரும்பாலும் திருப்பிடலாம், கேள்விக்குறியா சேவ் ஆனது போனது போனதுதான். அதுனால இம்போர்ட் முடிஞ்சதும் முதல்ல நாலு தமிழ் பேர் உள்ள பக்கத்தையும், ஒரு கஸ்டமர் தமிழ்ல அட்ரஸ் போட்ட பழைய ஆர்டரையும் திறந்து பாருங்க. எமோஜி போட்ட ரிவ்யூ இருந்தா அதையும்.

வேர்ட்பிரஸ் எழுதின மொழியான பிஎச்பியோட வெர்ஷன் பழசுல என்னவோ அதே வெர்ஷன்லதான் முதல்ல புது இடத்துலயும் ஓட்டணும். பிஎச்பி 7.4க்கு சப்போர்ட் 2022 நவம்பர்லயே முடிஞ்சுது, மாத்தணும்தான், ஆனா வீடு மாறுற அன்னைக்கே மாத்தக்கூடாது, ஏதாவது உடைஞ்சா எதுனால உடைஞ்சுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. வேர்ட்ஃபென்ஸ்ங்கிற பாதுகாப்பு ப்ளகின் போட்டிருந்தா புது சர்வர்ல சைட் வெறும் 500 எரர் காட்ட நிறைய வாய்ப்பு. டாட் யூசர் டாட் ஐனின்னு ஒரு மறைஞ்ச ஃபைல்ல பழைய சர்வரோட முழு பாதை எழுதியிருக்கும், அதுல புது பாதையை போட்டா சரியாயிடும். இது தெரியாம ராத்திரி முழுக்க சப்போர்ட் சாட்ல உக்காந்தவங்க நிறைய.

டெஸ்ட் பண்றதுக்கு புது கம்பெனி ஒரு தற்காலிக யுஆர்எல் குடுக்கும், அதுக்காக வேர்ட்பிரஸ் செட்டிங்ல சைட் அட்ரஸை மாத்தாதீங்க, மறுபடி திருப்பும்போது ஒரு இடத்துல விட்டுப்போகும். உங்க கம்ப்யூட்டர்ல ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, விண்டோஸ்ல சிஸ்டம்32க்குள்ள ட்ரைவர்ஸ், அதுக்குள்ள ஈடிசி ஃபோல்டர்ல. நோட்பேடை அட்மின்னா திறந்து, புது ஐபியும் ஒரு ஸ்பேஸ் விட்டு உங்க டொமைன் பேரும் ஒரு வரில போட்டா, உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் சைட் புது சர்வர்லேருந்து வரும், உலகத்துக்கு எல்லாம் பழசுதான். இதுல சாவகாசமா ரெண்டு மூணு நாள் எல்லாத்தையும் தட்டி பாருங்க. நீங்க எந்த சர்வரை பாக்குறீங்கன்னு குழம்பாம இருக்க, ரெண்டு சர்வர்லயும் ஒரே பேர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வச்சு, பழசுல "பழசு", புதுசுல "புதுசு"ன்னு ஒத்தை வார்த்தை எழுதி வைங்க. அந்த பக்கத்தை திறந்தா சந்தேகம் தீர்ந்துது. டெஸ்ட் முடிஞ்சதும் ஹோஸ்ட்ஸ் வரியை கண்டிப்பா எடுத்துடுங்க. மயிலாடுதுறைல ஒரு லாட்ஜ்காரர் அதை எடுக்காம, எல்லாம் மாறிடுச்சுன்னு நினைச்சு பழைய ஹோஸ்டிங்கை கேன்சல் பண்ணிட்டார், அவர் கம்ப்யூட்டர்ல மட்டும் சைட் ஜம்முனு வருது, ரூம் புக் பண்ண வந்தவங்களுக்கெல்லாம் வெள்ளைப் பக்கம்.

டெஸ்ட் பண்ணும்போது புது சர்வர்ல க்ரான் வேலையை நிறுத்தி வைங்க. வேர்ட்பிரஸ்ல இருக்கிற டைம் போட்ட வேலை ரெண்டு சர்வர்லயும் ஓடினா கஸ்டமருக்கு ஒரே மெயில், ஒரே எஸ்எம்எஸ் ரெண்டு தடவை போகும். எஸ்எம்எஸ்னு சொல்லும்போது ஞாபகம் வருது, நிறைய பல்க் எஸ்எம்எஸ் கம்பெனில உங்க சர்வர் ஐபியை பதிஞ்சு வச்சிருப்பாங்க, புது ஐபியை முன்னாடியே சேர்க்க சொல்லுங்க, இல்லன்னா ஆர்டர் மெசேஜ் எதுவும் போகாது, யாரும் சொல்லாத வரைக்கும் உங்களுக்கும் தெரியாது.

எஸ்எஸ்எல்ல, அதாவது சைட்டை https-ல திறக்க வைக்கிற சர்டிபிகேட்ல, ஒரு சிக்கல் இருக்கு. லெட்ஸ் என்க்ரிப்ட்டோட இலவச சர்டிபிகேட் சாதாரண வழில வாங்கணும்னா டொமைன் அந்த சர்வரை காட்டணும், நம்மளோ சர்டிபிகேட் இல்லாம டொமைனை திருப்பக்கூடாது. இதுக்கு மூணு வழி. டிஎன்எஸ்ல டெக்ஸ்ட் ரெக்கார்டு போட்டு முன்கூட்டியே வாங்கலாம், பழைய சர்டிபிகேட்டையும் அதோட ப்ரைவேட் கீயையும் எடுத்து புதுசுல ஒட்டலாம், க்ளவுட்ஃப்ளேர்ல இருந்தா அவங்களே 15 வருஷம் வரைக்கும் செல்லுபடியாகுற ஆரிஜின் சர்டிபிகேட் தர்றாங்க, அதை போடலாம். உங்களுக்கு மூணாவதுதான் சுலபம். அது க்ளவுட்ஃப்ளேருக்கு மட்டும் செல்லும், அதுனால ஹோஸ்ட்ஸ் ஃபைல் வழியா நேரா போனா ப்ரவுசர் எச்சரிக்கும், பயப்பட வேண்டாம். க்ளவுட்ஃப்ளேர் எஸ்எஸ்எல் செட்டிங்கை ஃப்ளெக்ஸிபிள்ல வைக்காதீங்க, சைட் சுத்தி சுத்தி ரீடைரக்ட் ஆகி திறக்காமலே போகும்.

மெயிலை தனி நாள்ல மாத்துங்க. நிறைய சிபேனல் அக்கவுண்ட்ல, மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டு உங்க டொமைன் பேரையே காட்டும். அப்ப நீங்க சைட்டுக்குன்னு ஏ ரெக்கார்டை மாத்தினா மெயிலும் சொல்லாம கொள்ளாம புது சர்வருக்கு போயிடும், அங்க அந்த மெயில் ஐடியே இல்லன்னா "அப்படி யாரும் இல்ல"ன்னு உடனே திருப்பி அனுப்பிடும். திரும்பிப் போன மெயில் போனதுதான். சர்வர் பதிலே சொல்லாம இருந்தாகூட பரவால்ல, அனுப்புற பக்கம் சாதாரணமா நாலஞ்சு நாள் வரைக்கும் மறுபடி மறுபடி முயற்சி பண்ணும். அதுனால முதல்ல டொமைனுக்கு முன்னாடி mail சேர்த்த ஒரு தனி பேருக்கு பழைய ஐபியை குடுத்து, எம்எக்ஸ்ஸை அதுக்கு திருப்பி வைங்க, சைட் மாறினாலும் மெயில் பழைய இடத்துலயே நிக்கும். புது சர்வர் பேனல்ல ஈமெயில் ரூட்டிங்னு ஒன்னு இருக்கும், அதை ரிமோட்னு வைக்கணும், இல்லன்னா உங்க சைட்லேருந்து உங்களுக்கே வர்ற "புது ஆர்டர்" மெயில் வெளிய போகாம புது சர்வருக்குள்ளயே தங்கிடும். உங்க பேர்ல எந்த சர்வர் மெயில் அனுப்பலாம்னு சொல்ற எஸ்பிஎஃப் ரெக்கார்டுல புது ஐபியையும் சேர்த்துடுங்க, கஸ்டமருக்கு போற மெயில் ஸ்பாம்ல விழாம இருக்கும். சைட் நல்லா ஓடி ஒரு வாரம் ஆனதும், மெயிலை ஜோஹோ மாதிரி தனி சர்வீஸுக்கு எடுத்துட்டு போயிடுங்கன்னுதான் சொல்லுவேன், அங்க ஐடியெல்லாம் உண்டாக்கின பிறகுதான் எம்எக்ஸ்ஸை திருப்பணும், பழைய மெயிலை ஐமேப்ங்கிற மெயில் இணைப்பு வழியா இழுத்துக்கலாம். அதுக்கப்புறம் ஹோஸ்டிங்கை எத்தனை தடவை மாத்தினாலும் மெயிலுக்கு ஒன்னும் ஆகாது.

நாள் எதுன்னு கேட்டா, ஐப்பசி வரைக்கும் இழுக்காதீங்க, ஆடியே சரி. கல்யாணம் இல்லாத மாசம், சீர் விளக்கு விக்காது. ஆனா ஆடி வெள்ளில திருவிளக்கு பூஜை ஆர்டர் இருக்கும், அதுனால வியாழன், வெள்ளி வேண்டாம், ஆடிப்பெருக்கு பக்கமும் வேண்டாம். ஒரு செவ்வாய் ராத்திரி ஒரு மணிக்கு மேல வச்சுக்கங்க, அடுத்த நாள் சப்போர்ட்ல ஆள் இருப்பாங்க.

அந்த ராத்திரி வேலை இதுதான். பழைய சைட்ல பேமென்ட் முறை எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, "ஒரு மணி நேரத்துல ஆர்டர் போடலாம், அவசரம்னா வாட்ஸ்அப் பண்ணுங்க"ன்னு ஒரு வரி போடுங்க. சைட் திறக்கும், விளக்கெல்லாம் பாக்கலாம், காசு மட்டும் கட்ட முடியாது. ஒரு நிமிஷம் கூட நிக்கக்கூடாதுன்னு கேட்டீங்க, இது சைட் நிக்கிறதில்ல, ராத்திரி ஒரு மணிக்கு கொஞ்ச நேரம் கல்லாவை பூட்டுறதுல ஒரு நட்டமும் இல்ல. பூட்டின உடனே டேட்டாபேஸை எடுத்துடாதீங்க, இருபது நிமிஷம் பொறுங்க. யாராவது அதுக்கு முன்னாடியே பே பண்ண போயி, ஜிபேல பின் போட்டுக்கிட்டு இருப்பாங்க, பணம் போன தகவல் பேமென்ட் கேட்வேலேருந்து (பணம் வாங்கித் தர்ற சர்வீஸ்) சைட்டுக்கு கொஞ்சம் தாமதமா வரும், அது வர்றதுக்குள்ள டம்ப், அதான் டேட்டாபேஸ் காப்பி, எடுத்தீங்கன்னா புது சைட்ல அந்த ஆர்டர் பணம் கட்டாததாவே நிக்கும். அப்புறம் டேட்டாபேஸ் டம்ப், புதுசுல இம்போர்ட், ஆர்சிங்க் ரெண்டாவது தடவை, புதுசுல பேமென்ட் ஆன்ல இருக்கான்னு பார்த்துட்டு ஐபியை மாத்துங்க. க்ரானை திறந்து விடுங்க. ஒரு சின்ன அகல் விளக்கை நீங்களே ஆர்டர் போட்டு காசு கட்டி பாருங்க.

ஐபி மாத்தும்போது ஏ ரெக்கார்டோட நாலு ஏ (AAAA) ரெக்கார்டுன்னு ஒன்னு இருக்கலாம், ஐபிவி6ங்கிற புது வகை ஐபிக்கு. அதை மறந்தா வீட்ல பிராட்பேண்ட்ல பாக்கும்போது புது சைட் வரும், ஜியோ போன்ல பாக்கும்போது பழசு வரும், ஏன்னா ஜியோ நெட்வொர்க் ஐபிவி6ஐதான் முதல்ல பிடிக்கும். புது சர்வருக்கு ஐபிவி6 இருந்தா அதை போடுங்க, இல்லன்னா அந்த ரெக்கார்டையே எடுத்துடுங்க. மாத்தினதும் அந்த "பழசு, புதுசு" பக்கத்தை வைஃபைலயும், ஜியோலயும், ஏர்டெல்லயும் திறந்து பாருங்க. கூகுளோட 8.8.8.8, க்ளவுட்ஃப்ளேரோட 1.1.1.1 ரெண்டு ரிசால்வருக்குமே பழைய பதிலை துடைக்க அவங்க சைட்லயே தனி பக்கம் இருக்கு, அதையும் ஒரு தட்டு தட்டிடலாம்.

பழைய சர்வர்ல பேமென்ட் ஆஃப்லயே இருக்கட்டும், தப்பித்தவறி அங்க போறவங்க ஆர்டர் போட முடியாது, கணக்கு ரெண்டா பிரியாது. காலைல கேட்வே டேஷ்போர்டையும் ஊகாமர்ஸ் ஆர்டர் லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு முந்தின நாள் சாயங்காலத்துலேருந்து ஒப்பிட்டு பாருங்க, பணம் வந்து ஆர்டர் நிக்கிறது ஏதாவது இருந்தா கையாலயே சரி பண்ணிடலாம். கூகுள் தேடல்ல இடம் போயிடுமான்னு கேட்டிருந்தீங்க. அட்ரஸ் மாறாததால சர்ச் கன்சோல்ல எதுவும் சொல்ல வேண்டியதில்ல, புது சர்வர் ஃபயர்வால் கூகுள்பாட்டை (சைட்டை வந்து படிக்கிற கூகுள் ப்ரோகிராமை) தடுக்காம இருந்தா சரி.

பழைய சர்வரோட ஆக்சஸ் லாகை (யார் யார் வந்தாங்கங்கிற பதிவை) தினம் ஒரு தடவை திறந்து பாருங்க. முதல் நாள் ஆளுங்க வருவாங்க, அப்புறம் தானா சுத்துற ப்ரோகிராம், அதான் பாட் (bot), மட்டும்தான் வரும். மெயிலும் வெளிய போன பிறகு, ரெண்டு வாரம் ஆனதும் முழு பேக்கப் ஒன்னு எடுத்து ஹார்ட் டிஸ்க்ல போட்டுட்டு, கார்டுலயோ யுபிஐ ஆட்டோபேலயோ போட்டிருக்கிற ரினியூவலை நிறுத்துங்க. டொமைனும் அதே கம்பெனில இருந்தா மொத்த அக்கவுண்ட்டையும் மூடாதீங்க, ஹோஸ்டிங் ப்ளானை மட்டும் கேன்சல் பண்ணுங்க, டொமைன் ரினியூவல் ஆன்லதான் இருக்குன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.